ஒரே ஒரு உருண்டைதானே!

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக் கொள்ளுங்கள். பகல் மணி பன்னிரண்டரை. வேப்ப மரத்து நிழலில் மூன்றாம் வகுப்புப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறக்கிறார்கள். ஒருத்தியிடம் எலுமிச்சம்பழச் சாதம், இன்னொருத்தியிடம் தயிர்சாதம். மூன்றாவது பெண், திருவையாற்றிலிருந்து வந்த அப்பாயி செய்து கொடுத்த எள்ளுருண்டையைப் பெருமையோடு எடுத்து எல்லோருக்கும் பங்கு போடுகிறாள்.

"எனக்கு வேண்டாம்டி. எள்ளு சாப்பிடக் கூடாதுன்னு எங்க அம்மா சொல்லியிருக்காங்க."

"ஒரே ஒரு உருண்டைதானே! ஒண்ணும் ஆகாது. எங்க அப்பாயி செஞ்சதுடி!"

அப்பாயி செய்தது என்று சொன்ன பிறகு எட்டு வயதுக் குழந்தை எப்படி மறுக்கும்? வாங்கி வாயில் போட்டுக் கொள்கிறது. பத்து நிமிஷத்தில் உதடு அரிக்கிறது. கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாகக் கிளம்புகிறது. ஓடி வந்த ஆயா பார்த்துவிட்டு, "காணாக்கடி போலிருக்கு" என்று சொல்லி நெற்றியில் விபூதி இட்டு, குழந்தையை நிழலில் உட்கார வைக்கிறாள். பிறகு இருமல் வருகிறது. குரல் கம்முகிறது. குழந்தை சோர்ந்து சாய்கிறது.

சகோதரிகளே! இந்தக் காட்சியில் கெட்டவர்கள் யாருமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? உருண்டையைக் கொடுத்த சிநேகிதி, அதைப் பிடித்துக் கொடுத்த அப்பாயி, விபூதி இட்ட ஆயா எல்லோருமே அன்பானவர்கள். அந்த அன்புக்கு ஒரு விஷயம் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். வந்தவர்களுக்கு வயிறு நிறையப் போட்டால்தான் மனசு நிறையும் என்று வாழ்கிற காவேரிக் கரையில், ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஆபத்து பெரும்பாலும் பிரியமான கைகளிலிருந்தே வருகிறது. ஆகவே குழந்தைக்குப் புத்தி சொன்னால் மட்டும் போதாது. அதற்கு ஊட்டும் கைகள் அத்தனைக்கும் நாம் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

'சேராது' என்றால் என்ன?

நம் வீடுகளில் 'சேராது' என்ற சொல்லை எதற்கெல்லாம் உபயோகிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிக்கிறது, சேராது. வாழைக்காய் வாயு, சேராது. பால் குடித்தால் வயிறு உப்புகிறது, சேராது. எள் தின்றால் மூச்சு அடைக்கிறது, அதற்கும் 'சேராது' என்றே சொல்கிறோம்! கேட்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் படும். "கொஞ்சம் சாப்பிட்டால் என்ன?" என்று அவர்கள் கேட்பதில் ஆச்சரியமில்லை.

பால் குடித்தால் வயிறு பொருமுவது, பாலிலுள்ள சர்க்கரை ஜீரணமாகாததால் வருவது. தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை. ஒரு வாய் மோர் குடித்தால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஒவ்வாமை என்பது வேறு சங்கதி. நோய்க் கிருமிகளை எதிர்த்துப் போராட நம் உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறதல்லவா? அது ஓர் ஆகாரத்திலுள்ள புரதத்தைப் பகைவன் என்று தவறாக எண்ணிக் கொண்டு கலவரம் செய்வதே ஒவ்வாமை. காவற்காரன் வீட்டு விருந்தாளியையே திருடன் என்று நினைத்துத் தடி எடுத்த கதைதான்! அப்படித் தடியெடுத்துவிட்டால், உள்ளே போனது ஒரு பிடியா ஒரு துளியா என்று அவன் பார்ப்பதில்லை. 'கொஞ்சம்' என்ற கணக்கு இங்கே செல்லாது.

'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ஆம் வருஷத்தில் உண்டாக்கியவர் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியரான பிர்க்கே என்பவர். பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், எள், மீன், இறால், கோதுமை, சோயா ஆகியவையே உலகெங்கும் அதிகமாகத் தொல்லை கொடுக்கும் பண்டங்கள். பாலும் முட்டையும் ஒத்துக் கொள்ளாத குழந்தைகளில் பலருக்கு வளர வளரச் சரியாகிவிடும். நிலக்கடலை, எள் முதலியவை அவ்வளவு எளிதில் விட்டுப் போவதில்லை.

நம் பக்கத்தில் இது அபூர்வம் என்பதும் உண்மையே. கர்நாடகத்துப் பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்த ஓர் ஆராய்ச்சி 2020-இல் வெளியாயிற்று. உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் அங்கே ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேர்தான் என்று அது கண்டது. ஆனால் அபூர்வமாக இருப்பதே ஒரு சங்கடம். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு குழந்தை என்றால், அங்குள்ள ஆசிரியைகள் இதற்கு முன் இப்படி ஒன்றைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். பார்க்காததை நம்புவது யாருக்கும் கஷ்டந்தானே?

முதலில் டாக்டர்

ஒரு தரம் தடிப்பு வந்துவிட்டது என்பதற்காக, நாமாகவே பாலை நிறுத்து, முட்டையை நிறுத்து, பருப்பை நிறுத்து என்று ஆரம்பித்துவிடக் கூடாது. வளரும் குழந்தைக்கு அவையெல்லாம் தேவை. என்ன சாப்பிட்டது, எவ்வளவு நேரத்தில் என்ன ஆயிற்று என்பதை ஒரு காகிதத்தில் குறித்து எடுத்துக் கொண்டு குழந்தை வைத்தியரிடம் போங்கள். தஞ்சாவூர் இராசா மிராசுதார் ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளின் குழந்தைகள் பிரிவிலும் கேட்கலாம். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. ஆனால் பரிசோதனையில் 'உண்டு' என்று வந்துவிட்டதாலேயே அந்தப் பண்டம் ஆபத்து என்று முடிவு கட்டிவிட முடியாது. நீங்கள் சொல்லும் விவரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் தீர்மானம் செய்வார். குழந்தைக்கு ஆஸ்துமாவும் இருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். ஆஸ்துமா கட்டுப்படாத குழந்தைக்கு ஒவ்வாமை வந்தால் கடுமை அதிகம்.

பெரியவனுக்கு நிலக்கடலை ஆகவில்லை என்று பயந்து, கைக்குழந்தைக்கும் அதைக் காட்டாமலே வளர்க்கும் தாய்மார்கள் உண்டு. இங்கிலாந்தில் 640 குழந்தைகளை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2015-இல் இதற்கு நேர்மாறான உண்மையைச் சொல்லிற்று. ஒரு வயதுக்குள்ளேயே நிலக்கடலையைப் பக்குவமாகக் கொடுத்து வந்தால், பிற்பாடு அந்த ஒவ்வாமை வருவது வெகுவாகக் குறைகிறதாம். இதையும் டாக்டரைக் கேட்டுக் கொண்டே செய்யுங்கள். முழுக் கடலையாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக் கொள்ளும். அது கூடவே கூடாது.

பெயரில் ஒளிந்திருப்பவை

எள் ஆகாத குழந்தையின் தாயார் எள்ளுருண்டையையும் எள் சாதத்தையும் விலக்கிவிடுவாள். ஆனால் நல்லெண்ணெய்? பெயரைக் கேட்டால் அதில் எள் இருப்பதாகவே தோன்றாது. உண்மையில் எள்ளின் நெய்தான் 'எண்ணெய்'. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் எள்ளின் புரதம் கொஞ்சம் தங்கியே இருக்கும். இட்லி மிளகாய்ப் பொடியில் எள் வறுத்துப் போட்டு, அதன் தலையிலும் நல்லெண்ணெய் விடுகிறோம்! புளியோதரை, ஊறுகாய், முறுக்கு, சீடை, கொழுக்கட்டைப் பூரணம் என்று அது நுழையாத இடம் நம் சமையலில் ஏது? பேக்கரி ரொட்டியின் மேலே தூவிய வெள்ளை எள்ளையும் மறக்க வேண்டாம்.

'கடலை' என்ற சொல்லும் அப்படித்தான். "என் பையனுக்குக் கடலை ஆகாது" என்று சொல்லி அனுப்பினால், ஒருவர் கொண்டைக்கடலைச் சுண்டலை நிறுத்துவார். ஒருவர் கடலைப் பருப்பை எடுத்துவிடுவார். கடலை மிட்டாயை மட்டும் கையில் கொடுத்துவிடுவார்! நிலக்கடலை என்று முழுப் பெயரையும் சொல்லுங்கள். முடிந்தால் பண்டத்தையே கையில் எடுத்துப் போய்க் காட்டிவிடுங்கள்.

கடையில் வாங்கும் பொட்டலங்களிலும் எழுத்தைப் படிக்க வேண்டும். நம் நாட்டில் 2020-ஆம் வருஷத்து விதிகளின்படி பால், முட்டை, மீன், இறால் வகை, நிலக்கடலை, கொட்டைகள், சோயா, கோதுமை போன்ற தானியங்கள் ஆகியவை இருந்தால் அதைத் தனியே எச்சரித்து அச்சிட வேண்டும். அந்தப் பட்டியலில் எள் இல்லை! ஆகவே எள் ஆகாத வீட்டார் எச்சரிக்கை வரியோடு நிறுத்திக் கொள்ளாமல், சேர்மானங்களின் வரிசை முழுவதையும் படித்தாக வேண்டும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு துயரச் சம்பவம் சாட்சி. 2016-ஆம் வருஷம் ஜூலை மாதம், நடாஷா என்ற பதினைந்து வயது ஆங்கிலப் பெண், லண்டன் விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறினாள். ரொட்டி மாவில் எள் கலந்திருந்தது. மேலே ஒட்டிய சீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கே அவள் உயிர் போய்விட்டது. பெற்றோர்கள் துக்கத்தோடு ஓய்ந்துவிடாமல் போராடினார்கள். கடையிலேயே தயாரித்துக் கட்டி வைக்கும் உணவிலும் சேர்மானங்கள் முழுவதையும் அச்சிட வேண்டும் என்று 2021 அக்டோபர் முதல் அங்கே சட்டம் அமலுக்கு வந்தது. அந்தப் பெண்ணின் பெயராலேயே அதை 'நடாஷா சட்டம்' என்று அழைக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் யாரிடம் என்ன சொல்வது?

பள்ளிக்கூடத்துச் சாப்பாடு என்பது நம் மாகாணத்துக்குப் பெருமை சேர்த்த விஷயம். 1956-இல் காமராஜர் காலத்தில் மதிய உணவு வந்தது. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பிற்பாடு முட்டையும் சேர்ந்தது. 2022-இல் காலைச் சிற்றுண்டித் திட்டம் மதுரையில் ஆரம்பமாகி, அடுத்த வருஷம் நம் டெல்டாவின் திருக்குவளையிலிருந்து மாநிலமெங்கும் விரிந்தது. எத்தனையோ ஏழைக் குழந்தைகளின் பசியை ஆற்றிய சாப்பாடு அது. உங்கள் குழந்தையும் பயமின்றி அந்தப் பந்தியில் உட்கார முடியுமா என்பதுதான் கேள்வி. சிறிது ஏற்பாடு செய்தால் பெரும்பாலும் முடியும்.

வகுப்பு ஆசிரியையிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். தலைமையாசிரியர், சத்துணவு அமைப்பாளர், சமையல் செய்கிறவர், ஆயா ஆகிய நால்வரையும் பாருங்கள். இவர்களில் சமையல் அக்காவைத்தான் அநேகர் மறந்துவிடுகிறார்கள். கரண்டி அவர் கையில் அல்லவா இருக்கிறது! அதிகாரமாகப் பேசாமல், "அக்கா, உங்களை நம்பித்தான் இவளை அனுப்புகிறேன்" என்று ஆரம்பியுங்கள். பிறகு விஷயத்துக்கு வாருங்கள்.

முட்டை ஆகாத குழந்தை என்றால், முட்டைக்குப் பதில் வாழைப்பழம் கொடுக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது போதாது. முட்டை மசாலா எடுத்த கரண்டியே குழந்தையின் தட்டுக்கும் வந்தால் பழம் கொடுத்துப் பிரயோஜனம் என்ன? "இவளுக்கு முதலில் பரிமாறிவிடுங்கள், தனிக் கரண்டி வையுங்கள்" என்று கேட்டுக் கொள்ளுங்கள். கோதுமை ஆகாத குழந்தைக்கு ரவை உப்புமாவும் சேமியாவும் கோதுமைதான் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். என்ன எண்ணெய், என்ன பொடி என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். சந்தேகம் தீராத பண்டம் போடும் நாளில் வீட்டுச் சாப்பாடே நல்லது. சாப்பிட்ட பிறகு எல்லாக் குழந்தைகளும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். வெறும் தண்ணீரில் நனைப்பதோ, கிருமி நாசினியைத் தடவிக் கொள்வதோ போதாது.

வாயால் சொன்னது மறந்து போகும். ஒரே ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். மேலே குழந்தையின் படம், அதன் கீழே பெயரும் வகுப்பும், ஆகாத பண்டம், அது ஒளிந்திருக்கும் பலகாரங்கள், வந்தால் தெரியும் அடையாளங்கள், செய்ய வேண்டியது, டாக்டர் டெலிபோன், உங்கள் டெலிபோன். டாக்டரிடம் கையெழுத்து வாங்கினால் இன்னும் மதிப்பு. ஒரு பிரதி ஆசிரியர்கள் அறையில், ஒன்று சமையற்கட்டில், ஒன்று குழந்தையின் பையில் இருக்கட்டும். ஆசிரியை மாற்றலாகிப் போனால் புதியவரிடம் மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் இதைப் புதுப்பியுங்கள்.

குழந்தைக்கு என்ன கற்றுக் கொடுப்பது?

"யார் கொடுத்தாலும் வாங்காதே" என்று மிரட்டி அனுப்பினால் குழந்தை கூட்டத்திலிருந்து ஒதுங்கிவிடும். அல்லது மறைவாகத் தின்னும். பயத்தைப் புகட்டாமல் பேச்சைக் கற்றுக் கொடுங்கள். "எனக்கு எள்ளு ஆகாது, சாப்பிட்டா மூச்சு அடைக்கும். தாங்க்ஸ்டி" என்று சிரித்துக் கொண்டே சொல்லட்டும். வீட்டில் நீங்கள் சிநேகிதியாகவும் அவள் அவளாகவும் நாடகம் போட்டுப் பழக்குங்கள். நீங்கள் நன்றாக வற்புறுத்துங்கள்! "எங்க அப்பாயி செஞ்சதுடி" என்று கெஞ்சுங்கள். வீட்டில் பத்துத் தரம் மறுத்துப் பழகிய குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் மறுப்பது சுலபம்.

இன்னொன்று: வாய் அரித்தாலோ, தொண்டை ஒரு மாதிரி இருந்தாலோ உடனே பெரியவர்களிடம் ஓடிச் சொல்ல வேண்டும். பல குழந்தைகள் திட்டு விழுமே என்று பயந்து கொண்டு குளிக்கும் அறையிலோ மரத்தடியிலோ தனியே போய் உட்கார்ந்துவிடும். அதைவிட ஆபத்து வேறில்லை. "தெரியாமல் தின்றாலும் சரி, ஆசைப்பட்டுத் தின்றாலும் சரி, சொன்னால் அம்மா திட்ட மாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். பக்கத்தில் உட்காரும் ஒரு சிநேகிதியிடமும் விஷயத்தைச் சொல்லி வைத்தால், "டீச்சர்! இவளுக்கு என்னமோ பண்ணுது" என்று அவளாவது ஓடுவாள்.

பிறந்த நாள் மிட்டாய் கொடுக்கும்போது நம் குழந்தை மட்டும் வெறுங்கையோடு நிற்க வேண்டாம். அதற்கு ஆகும் மிட்டாயை ஒரு டப்பாவில் போட்டு ஆசிரியையிடம் கொடுத்து வையுங்கள்.

வந்துவிட்டால்?

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒரு நாள் தவறிவிடலாம். உதட்டில் அரிப்பும் இரண்டு தடிப்பும் மட்டும் இருந்தால் டாக்டர் கொடுத்திருக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆனால் விடாத இருமல், இழுப்பு, குரல் கம்முதல், நாக்கோ தொண்டையோ வீங்குதல், தலை சுற்றல், திடீரென்று துவண்டு போதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது காணாக்கடி அல்ல, உயிருக்கு ஆபத்து. தடிப்போடு வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படியே. சில சமயம் தடிப்பே இல்லாமலும் வரும் என்பதை ஞாபகம் வையுங்கள்.

அந்த நிலையில் காப்பாற்றும் மருந்து ஒன்றே ஒன்று: அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்புறத்தில், நடுப் பாகத்தில் போட வேண்டும். அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் பொன்னான நேரம் போய்விடும். தானே குத்திக் கொள்ளும் பேனா வடிவ ஊசி மேல்நாடுகளில் பள்ளிக்கூடங்களிலேயே இருக்கும். நம் ஊர்களில் அது எளிதில் கிடைப்பதில்லை. உங்கள் குழந்தைக்கு என்ன ஏற்பாடு, எவ்வளவு அளவு, யார் போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். பள்ளிக்கூடத்துக்கு மிகவும் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

உடனே 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். குழந்தையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரலாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். "வா, முகம் கழுவலாம்" என்று குழாயடிக்கு நடத்திக் கொண்டு போவது பெரிய தப்பு. வெந்நீர், மோர் எதையும் வாயில் புகட்ட வேண்டாம். சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும் ஆஸ்பத்திரியில் சில மணி நேரமாவது இருக்க வேண்டும். இரண்டாம் முறை வருவதுண்டு.

நம் வீட்டுப் பெரியவர்கள்

கடைசியாக, மிகவும் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தைக் கூடச் சரிப்படுத்திவிடலாம். அப்பாயியையும் அம்மாச்சியையும் என்ன செய்வது? "நாங்கள் பத்துப் பிள்ளை வளர்க்கவில்லையா? எள்ளும் கடலையும் தின்றுதானே வளர்ந்தார்கள்?" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. அந்தப் பத்துப் பேருக்கும் ஒத்துக் கொண்டது. இந்த ஒன்றுக்கு ஒத்துக் கொள்ளவில்லை. வாதாடாதீர்கள். அடுத்த தரம் டாக்டரிடம் போகும்போது அவர்களையும் கூட்டிக் கொண்டு போங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது டாக்டர் சொன்னால் ஏறும்! திருநள்ளாற்றுக்குப் போனாலும், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக் கொண்டு இன்னொருவரிடம் கொடுத்துவிடக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிடுங்கள். சாமி கோபித்துக் கொள்ளாது என்று அப்பாயி சொன்னால் குழந்தைக்கும் நிம்மதி.

இதைப் படிக்கும் உங்களில் அநேகருடைய குழந்தைகளுக்கு ஓர் ஒவ்வாமையும் இருக்காது. ஆனால் அவர்களுடைய வகுப்பில் அந்த ஒரு குழந்தை இருக்கலாம். நாளைக் காலையில் டிபன் டப்பாவை மூடும்போது உங்கள் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்: "யாருக்காவது பங்கு கொடுப்பதாக இருந்தால், ஆகுமா என்று கேட்டுவிட்டுக் கொடு. வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே."